நாலு ஓட்டைக் காசு

தொல்காசுக் காப்பகத்தில் வேலை கிடைத்த நாளிலிருந்து படக்காரருக்கு வயிறு சரியில்லை.

பிறவியிலேயே பயந்த சுபாவம். தெருவில் யாராவது கொஞ்சம் உரக்கப் பேசினால், நாம் என்ன தப்புச் செய்தோம் என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவார். கதவைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்து, பத்தடி போய்த் திரும்பி வந்து மறுபடி இழுத்துப் பார்க்கிற ஆள். இப்பேர்ப்பட்டவர் இருபத்திரண்டு வருஷம் சொந்தமாக ஸ்டுடியோ நடத்தினார் என்றால் அதற்குக் காரணம் ஒன்றுதான். கேமராவுக்குப் பின்னால் நிற்கும்போது மட்டும் அவருக்குப் பயம் கிடையாது. எதிரே உட்காருகிறவர்தான் பயப்படுவார். "தோளைத் தளர விடுங்க, லேசா சிரிங்க" என்று இவர் தைரியம் சொல்லுவார்.

ஆளுக்கொரு கைபேசி வந்ததும் அதுவும் போயிற்று. கடைசி வருஷம் ஸ்டுடியோவுக்குள் வந்தவர்களில் பாதிப் பேர் வழி கேட்க வந்தவர்கள். கடையை மூடினார். மனைவி தையல்கடை வைத்திருந்ததால் அடுப்பு எரிந்தது. அந்தச் சமயத்தில்தான் காப்பகத்திலிருந்து ஓராண்டு ஒப்பந்தம் வந்தது. அங்கே இருக்கிற நாலாயிரத்துச் சொச்சம் பழங்காசுகளையும் முன்பக்கம், பின்பக்கம் என்று படமெடுத்துத் தர வேண்டும்.

"காசைப் படம் எடுக்குறதுல என்னங்க கஷ்டம்? அது கண்ணை மூடாது, தும்மாது, அழாது," என்றார் தையல்காரம்மா.

"காசுகிட்ட எனக்கென்னம்மா பயம்? அதைச் சுத்தி உக்காந்திருக்கிற ஆளுங்களை நெனச்சாத்தான் குலை நடுங்குது."

முதல் நாள் காலையில் காப்பகத் தலைவர் அவரைத் தன் அறைக்கு அழைத்தார். பெரிய அறை. பெரிய மேசை. அந்தப் பக்கம் ஆய்வாளர் என்று ஒருவர் உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இந்தப் பக்கம் காப்பறைக்காரர், இடுப்பில் சாவிக்கொத்தோடு, சுவரில் சாய்ந்தும் சாயாமலும் நின்றுகொண்டிருந்தார். தலைவர் இழுப்பறையைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் கூட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். உள்ளங்கை அகலம், கெட்டிப் பிளாஸ்டிக், நடுவில் குழியில் ஒரு வெள்ளிக்காசு. மேல்பக்கம் ஒரு சீட்டு. அதில் எண், காலம், தரம், ‘அசல்’ என்ற சொல், தலைவரின் முத்திரை.

"எங்க காசு எல்லாமே இப்படிக் கூட்டுக்குள்ளதான் இருக்கும். ஒருதடவை ஒட்டினா ஒட்டினதுதான். உடைச்சாத்தான் தொறக்கும். நீங்க படம் எடுக்குறது கூட்டுக்கு வெளிய இருந்து. கூடு தொறந்துச்சுன்னா காசு அசல் இல்லாமப் போயிடும்."

படக்காரருக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாமல் போனது அந்த ஒரு நொடிதான். "உள்ள இருக்குறது அதே காசுதானே சார்?" என்று கேட்டுவிட்டார்.

காப்பறைக்காரர் இருமினார். தலைவர் பொறுமையாகச் சிரித்தார்.

"தம்பி, காசு அசல்னு யார் சொல்றா? சீட்டு சொல்லுது. சீட்டு எங்க இருக்கு? கூட்டுல. கூடு போனா சீட்டு போச்சு. சீட்டு போனா அது வெறும் உலோகம். வெறும் உலோகத்துக்கு எதுக்கு இத்தனை அறை? இத்தனை பூட்டு? எனக்கு எதுக்கு ஒரு கார்?"

படக்காரர் மூன்று கேள்விகளுக்கும் ஒரே தடவையாகத் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தார்.

பிளாஸ்டிக் வழியாகக் காசைப் படம் பிடிப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. விளக்கைப் போட்டால் கூடு பளீரென்று அடிக்கிறது. விளக்கை அணைத்தால் காசு இருட்டிக்கொள்கிறது. கூட்டின் மேலிருக்கிற கீறல்கள் எல்லாம் காசின் மேல் விழுந்த வெட்டு மாதிரித் தெரிகின்றன. இது போதாதென்று, பளபளப்பான காசு கண்ணாடி மாதிரி எதிரே இருப்பதையெல்லாம் வாங்கிக்கொள்ளும். முதல் வாரம் அவர் கொடுத்த படங்களில் ஒன்றில் ராஜாவின் கன்னத்தில் இன்னொரு முகம் இருந்தது.

விசாரணை வந்தது. ஆய்வாளர் உருப்பெருக்கியைக் கண்ணில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"மீசை தெரியுது. இந்த ராஜாவுக்கு மீசையே கிடையாது. நான் இவரைப் பத்தி மூணு கட்டுரை எழுதியிருக்கேன்."

"சார், அது நான்தான் சார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தேன், வெளிச்சம் என் மேல பட்டு, காசுல என் நிழல் விழுந்திருச்சு," என்றார் படக்காரர்.

"அப்போ ராஜா இருக்க வேண்டிய இடத்துல நீங்க இருந்தீங்கன்னு ஒத்துக்குறீங்க," என்றார் தலைவர். பக்கத்தில் இருந்த தட்டச்சுப் பெண் அதை அப்படியே அடித்தாள்.

மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தார். மறுநாள் தன் உருவம் விழாமலிருக்கக் கறுப்புச் சட்டை போட்டு வந்தார். பதினொரு மணிக்கு அடுத்த குறிப்பாணை வந்தது: நேற்றைய விசாரணையைக் கண்டித்துக் கறுப்பு உடை அணிந்து எதிர்ப்புத் தெரிவித்ததாகப் புகார். மூன்று நாள் அலைந்தபிறகு, ‘மேற்படியார் அணிவது நிறம் மட்டுமே, கருத்து அல்ல’ என்று தலைவர் கையெழுத்திட்ட அனுமதிச்சீட்டு கிடைத்தது. அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் அவர் கறுப்புச் சட்டையில் நடமாடலாம்.

ஆனாலும் தொழில் தெரிந்த ஆள். கூட்டைக் கிடையாக வைக்காமல் ஒரு ஓரத்தில் தீப்பெட்டிக் கனத்துக்கு அட்டையைக் கொடுத்துச் சாய்த்து வைத்தார். விளக்கைத் தலைக்கு மேலிருந்து இறக்கிப் பக்கவாட்டில் கொண்டுபோனார். கறுப்பு அட்டையில் ஓட்டை போட்டு, அதன் வழியே லென்ஸை மட்டும் எட்டிப் பார்க்க வைத்தார். கீறலை விட்டுவிட்டு அதற்குக் கீழே காசின் தோலில் லென்ஸின் குவியத்தைப் பொருத்தினார். ஒரு மாதத்தில் படங்கள் எப்படி வந்தன என்றால், தேய்ந்துபோன எழுத்தைக்கூட விரலால் தடவிப் பார்க்கலாம் போலிருந்தது. கேமராவுக்குப் பின்னால் நின்ற அந்த நேரங்களில் வயிறுகூட அமைதியாக இருந்தது.

அப்போதுதான் மூத்த காசின் முறை வந்தது.

மூத்த காசுதான் காப்பகத்தின் பெருமை. அங்கே இருப்பதிலேயே பழையது. கட்டடத்தைக் கட்டியதே அதற்காகத்தான் என்பார்கள். காப்பகத்தின் ஐம்பதாம் ஆண்டு விழாவுக்குப் புத்தகம் போடப்போகிறார்கள். அட்டையில் மூத்த காசு. இத்தனை காலமாக அதை யாரும் படமே எடுத்ததில்லை.

காப்பறைக்காரர் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து வைத்தார். படக்காரர் பார்த்தார். காசு தெரியவில்லை. கூடே தெரியவில்லை. ஒட்டுச்சீட்டுகள்தான் தெரிந்தன.

"இதென்னங்க?"

"வருஷாந்தரச் சரிபார்ப்பு. வருஷத்துக்கு ஒரு சீட்டு. ‘சரிபார்க்கப்பட்டது’ன்னு ஒட்டிக் கையெழுத்துப் போடுவோம். ஆரம்பத்துல ஓரமா ஒட்டினோம். ஓரம் தீந்துபோச்சு. அப்புறம் நடுவுல ஒட்டினோம். பத்தொன்பது சீட்டு இருக்கு."

"அப்போ காசு இருக்கான்னு எப்படிச் சரிபார்ப்பீங்க?"

"போன வருஷத்துச் சீட்டு இருக்கான்னு பாப்போம். இருந்தா காசு இருக்குன்னு அர்த்தம்," என்றார் காப்பறைக்காரர். சொல்லிவிட்டு அவரே அந்த வாக்கியத்தைக் கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்த மாதிரி இருந்தது. "எனக்கு ஓய்வுக்கு இன்னும் நாலு மாசம்தான் இருக்கு," என்று சம்பந்தமில்லாமல் சேர்த்துக்கொண்டார்.

சீட்டுகளை உரிக்க அனுமதி வாங்க இரண்டு வாரம் ஆயிற்று. தலைவரே கையெழுத்துப் போட்டார். படக்காரர் தலைமுடி காயவைக்கும் கருவியை வீட்டிலிருந்து கொண்டுவந்து, சீட்டின்மேல் இளஞ்சூடாகக் காற்றை விட்டு, மெல்லிய பிளாஸ்டிக் தகட்டால் நெம்பி நெம்பி ஒவ்வொன்றாக உரித்தார். பத்தொன்பதையும் வரிசையாகக் காகிதத்தில் ஒட்டி வைத்தார். மங்கலாகிப்போயிருந்த கூட்டை மெத்துத்துணியால் துடைத்தார். சாய்த்து வைத்தார். விளக்கைப் போட்டார். குனிந்து பார்த்தார்.

உள்ளே ஒரு பட்டன் இருந்தது.

கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தார். பழுப்பு நிறம். வட்டம். ஓரத்தில் லேசான மேடு. நடுவில் நாலு ஓட்டை. அதில் ஓர் ஓட்டையில் துணுக்குப் போல ஒரு நூல்.

படக்காரர் காப்பறைக்காரர் பக்கம் திரும்பினார். "அண்ணே," என்று கூப்பிட்டார். காப்பறைக்காரர் அதற்குள் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி உறையில் போட்டு, உறையைச் சட்டைப்பையில் போட்டிருந்தார்.

"எனக்குக் கிட்டத்துல இருக்குறது எதுவும் தெரியாதுங்க. நீங்களும் எதையும் பாக்காதீங்க. படத்தை மட்டும் எடுங்க."

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டார். கேமராவின் சின்னத் திரையை மனைவியிடம் நீட்டினார். தையல்காரம்மா வாயில் கடித்துக்கொண்டிருந்த ஊசியை எடுத்துவிட்டுப் பார்த்தார்.

"கோட்டு பட்டன். நாலு ஓட்டை. பழைய சரக்கு, இப்பல்லாம் இந்தக் கனத்துல வர்றதில்ல. பிச்சு எடுத்த பட்டன் போல, நூல் அப்படியே இருக்கு பாருங்க. இதை எதுக்கு இவ்வளவு அழகா படம் எடுத்திருக்கீங்க?"

"இதுதாம்மா மூத்த காசு."

அந்த அம்மாள் சிரித்தார். பிறகு புருஷன் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். "அப்போ நாளைக்கே போயி, இது பட்டன்னு சொல்லிருங்க."

"யார் எடுத்தான்னு கேப்பாங்களே? கடைசியா அதைத் தொட்டது நான். பத்தொன்பது வருஷம் காசா இருந்தது, நான் சீட்டை உரிச்ச அன்னைக்குப் பட்டன் ஆயிருச்சுன்னா யாரைப் பிடிப்பாங்க? உன்னைக் கட்டினவனைத்தான் பிடிப்பாங்க. அதுவும் பொண்டாட்டி தையல்காரி!"

தையல்காரம்மா, வீட்டு முன்னறையிலேயே இருந்த கடையில் பட்டன் டப்பாக்கள் வரிசையாக அடுக்கியிருந்த பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்தார்.

அடுத்த நாள் படக்காரர் தன் தொழிலுக்குத் துரோகம் செய்தார். விளக்கைத் திருப்பி, கூட்டின் பளபளப்பு சரியாக நடுவில் விழும்படி வைத்து, நாலு ஓட்டையும் வெள்ளை வெளிச்சத்தில் கரைந்துபோகிற மாதிரி ஒரு படம் எடுத்தார். பார்த்தால் நிலா மாதிரி இருந்தது. எந்தக் காசு என்றும் சொல்லலாம். அதைக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

தலைவர் ஒரே பார்வையில் தள்ளிவிட்டார். "தெளிவே இல்லையே. ஒப்பந்தத்துல என்ன இருக்கு? ‘ஐயத்துக்கு இடமின்றித் தெளிவாக.’ நம்ம காப்பகத்துக்குத் தெளிவுதான் உயிர், தம்பி. நாளைக்குள்ள சரியான படம் வரலேன்னா ஒப்பந்தத்தை முடிச்சிருவோம்."

வேறு வழியில்லாமல் தெளிவான படத்தைக் கொடுத்தார். ஒவ்வோர் ஓட்டையின் விளிம்பும் தனித்தனியாகத் தெரிகிற படம். நூலின் பிரிகூடத் தெரிந்தது. கொடுத்துவிட்டு, நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்து போலீஸ் வருவதற்காகக் காத்திருந்தார். மனைவிக்கு எழுத வேண்டியதை மனசுக்குள் எழுதிப் பார்த்தார். படியில் பூட்ஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து நின்றார். தேநீர் கொண்டுவருகிறவர் பூட்ஸ் போட்டிருந்தார்.

மூன்று மணிக்கு உள்ளே கூப்பிட்டார்கள். நுழைந்ததும் கைதட்டினார்கள். படக்காரர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

ஆய்வாளர் எழுந்து நின்று பேசிக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது.

"நாலு துளை! இத்தனை நாளா நாம இதை அறியாம இருந்தோம். உலகத்துல வேற எந்தக் காசுலயும் இப்படி நாலு துளை கிடையாது. நாலு திசையையும் ஆண்டவங்கன்னு அர்த்தம். ஒரு துளையில நார் இருக்கு, கவனிச்சீங்களா? அந்தக் காலத்துல காசைக் கோத்து உடம்போட சேத்துத் தெச்சுக்கிட்டிருக்காங்க. துணியோட! காசையும் துணியையும் ஒண்ணாப் பாத்த சமுதாயம் அது. நான் நாலு கட்டுரை எழுதப்போறேன். துளைக்கு ஒண்ணு."

தலைவர் மேசையைத் தட்டினார். "கூட்டுச் சீட்டுல ‘துளையில்லை’ன்னு இருக்கே, அதை மட்டும் எழுத்துப்பிழைன்னு திருத்திரலாம்."

கூட்டம் கலைந்தபிறகு தலைவர் படக்காரரை மட்டும் இருக்கச் சொன்னார். கதவைத் தானே எழுந்துபோய்ச் சாத்தினார். குரலைத் தணித்து, வீட்டு மனிதரைப் போலக் கேட்டார்:

"ஏதாவது சொல்லணும்னு தோணுதா, தம்பி?"

படக்காரர் தலையை ஆட்டினார். ஆம் என்றா இல்லை என்றா, அவருக்கே தெரியவில்லை.

"நல்லது. நான் ஒரு விஷயம் சொல்றேன். இந்த நாற்காலியில நான் உக்காந்து பதினோரு வருஷம். வந்த முதல் வருஷமே அந்தக் கூட்டைக் கையில எடுத்தேன். அப்போ சீட்டுக்கு நடுவுல கொஞ்சம் இடைவெளி இருந்துச்சு." அவர் நிறுத்தினார். "அந்த இடைவெளியிலதான் நான் என் முதல் சீட்டை ஒட்டினேன். எனக்கு முன்னாடி இருந்தவரும் அதையேதான் செஞ்சிருப்பாரு. யாரும் எதையும் திருடல, தம்பி. இங்க எல்லாரும் சரிபார்த்திருக்கோம், அவ்வளவுதான். காசு தொலையலாம், மனுஷன் செத்துப்போறதில்லையா? சான்று தொலையக் கூடாது. சீட்டுங்களை உரிச்சது நீங்க. உரிக்கிற வரைக்கும் அது காசு, பத்தொன்பது கையெழுத்து சாட்சி. உரிச்சப்புறம் அது வேற ஏதாவதா இருந்தா, கேள்வி யாரைத் தேடி வரும்?"

ஒரு தாளை நகர்த்தினார். ‘கூட்டின் மேல் எழுதியுள்ளதே கூட்டின் உள்ளே உள்ளது என்று கண்ணால் கண்டு உறுதி கூறுகிறேன்.’ படக்காரர் கையெழுத்துப் போட்டார். இருபத்திரண்டு வருஷம் கேமராவை அசையாமல் பிடித்த கை; கையெழுத்து பூச்சி ஊர்ந்த மாதிரி விழுந்தது.

அன்றிலிருந்து பட்டன் விசுவரூபம் எடுத்தது. புத்தக அட்டையில் வந்தது. கடிதத்தாளின் தலையில் வந்தது. வாசலில் ஆளுயரத்துக்குச் செதுக்கி வைத்தார்கள். நாலு ஓட்டை வழியாகவும் பள்ளிப்பிள்ளைகள் தலையை நுழைத்துப் பார்த்தார்கள். விழாவன்று ஊழியர்கள் எல்லோரும் ஒரே மாதிரிச் சீருடையில், நெஞ்சில் மூத்த காசின் நகலோடு வரவேண்டும் என்று தீர்மானம் ஆயிற்று. நகல்கள் மூட்டையாக வந்து இறங்கின. "உங்க வீட்டம்மா தையல்காரங்களாமே," என்று தலைவர் படக்காரரிடமே சட்டைத்துணியையும் மூட்டையையும் ஒப்படைத்தார். மாட்டேன் என்று சொல்லாமல் வாங்கிக்கொண்டார்.

தையல்காரம்மா மூட்டையை அவிழ்த்து ஒரு கை அள்ளிப் பார்த்தார்.

"நல்லா உழைக்கும்," என்றார்.

"ஏம்மா, அதைக் காசு மாதிரியே நெனச்சு, மரியாதையா..."

"மரியாதையாத்தான் தைப்பேன். நீங்க போயிக் கொஞ்சம் படுங்க. மூஞ்சியில ரத்தமே இல்ல."

இருநூற்றெண்பது சட்டை. அளவெடுத்து, வெட்டி, இரண்டு மெஷின் வைத்துத் தைத்துக் குறித்த நாளுக்கு முன்பே கொடுத்தார். ஊழியர்களுக்கு ஒரே சந்தோஷம். சட்டைப்பைக்கு மூடி வைத்து, மூடியில் காஜாத் துளை எடுத்து, மூத்த காசைப் பையில் தைத்திருந்தார் அந்த அம்மாள். மாட்டினால் பை மூடிக்கொள்ளும். குனிந்தால் பேனா விழாது. விழா முடிந்தபிறகும் எல்லோரும் அந்தச் சட்டையையே போட்டுக்கொண்டு வந்தார்கள். தலைவரும்தான்.

விழா முடிந்த ஒன்பதாவது நாள் யாரோ ஒரு பார்வையாளர் புகார்ப் பெட்டியில் ஒரு தாள் போட்டார்: ‘புனிதமான மூத்த காசைப் பட்டனாகப் பயன்படுத்துகிறீர்களே, வெட்கமாக இல்லையா?’

குற்றப்பத்திரிகை வந்தது. ‘காசைப் பட்டனாக நடத்தி இழிவு செய்தமை.’ குற்றவாளி தையல்காரம்மா, உடந்தை படக்காரர். தையல்கடையைப் பூட்டி முத்திரை வைக்கவும், வழக்குத் தொடுக்கவும் ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று கேட்டிருந்தது. படக்காரர் அதைப் படித்துவிட்டு வீட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். தையல்காரம்மா வாங்கிப் படித்தார்.

"கடையைப் பூட்டிருவாங்களாங்க?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார்.

விசாரணை நாளன்று அறையில் தலைவர், ஆய்வாளர், தட்டச்சுப் பெண். மேசைமேல் ஒரு சீருடைச் சட்டை, பை மூடியிருந்தது. தலைவர் கனிவாகவே ஆரம்பித்தார்.

"உங்க மேல எங்களுக்கு ஒண்ணும் கோபம் இல்ல. நல்ல படம் எடுக்குறீங்க. இந்தத் தாள்ல ஒரு கையெழுத்துப் போடுங்க, நீங்க போகலாம். வேலையும் இருக்கும்."

படக்காரர் வாசித்தார். ‘மேற்படி பொருள் காசு என்று நன்றாகத் தெரிந்திருந்தும், என் மனைவி வேண்டுமென்றே அதைப் பட்டனாகத் தைத்தார் என்றும், நான் தடுத்தும் கேட்கவில்லை என்றும்...’

பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார். பயம் எங்கேயும் போய்விடவில்லை. ஆனால் கை மட்டும் தாளின்மேல் இறங்க மறுத்தது. கடையைப் பூட்டிருவாங்களாங்க என்ற குரல் காதிலேயே நின்றது.

"இது பட்டன் சார்," என்றார்.

தட்டச்சுச் சத்தம் நின்றது.

"என்ன சொன்னீங்க?"

"பட்டன் சார். கோட்டு பட்டன். கூட்டுக்குள்ள இருக்குறதும் பட்டன்தான். நான் சீட்டை உரிச்சப்பவே பட்டன்தான். பயந்துகிட்டு சொல்லல. இப்பவும் பயமாத்தான் இருக்கு." தண்ணீர் கேட்கலாமா என்று நினைத்தார், கேட்கவில்லை. "என் பொண்டாட்டி பட்டனைப் பட்டனாத் தெச்சா. இந்தக் கட்டடத்துக்கு ஒழுங்கா வேலை பாத்த ஒரே ஆள் அவதான்."

ஆய்வாளர் உருப்பெருக்கியைத் தூக்கினார்; எதைப் பார்ப்பது என்று தெரியாமல் இறக்கினார். "என் நாலு கட்டுரை அச்சுக்குப் போயிருச்சு," என்றார் மெதுவாக.

"காசுன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க," என்றார் தலைவர்.

"போட்டேன் சார். அது பொய். அதுக்கு என்ன தண்டனையோ குடுங்க."

தலைவர் தட்டச்சுப் பெண்ணைப் பார்த்து, "அதை அடிக்காதே," என்றார். பிறகு, "சாட்சியைக் கூப்பிடு. இருபது வருஷமா அதைக் கையில வெச்சிருந்தவர் சொல்லட்டும்," என்றார்.

படக்காரர் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். எதிரே காப்பறைக்காரர் முறைக்காகக் காத்திருந்தார். ஓய்வுக்கு இன்னும் பதினாறு நாள்.

"என்ன சொன்னீங்க?"

"பட்டன்னு சொல்லிட்டேண்ணே."

காப்பறைக்காரர் சாவிக்கொத்தை இடுப்பில் சரிசெய்துகொண்டார். உதடு என்னவோ முணுமுணுத்தது. பிறகு எழுந்து உள்ளே போனார். கதவைச் சாத்தவில்லை.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். படக்காரரின் ஒப்பந்தம் அன்று மாலையே முடிக்கப்பட்டது. காப்பறைக்காரரின் ஓய்வூதியம் ஒரு வருஷம் இழுத்தடித்து வந்தது. தையல்கடைக்குப் பூட்டு வரவில்லை. பூட்ட வேண்டுமானால் உத்தரவு எழுத வேண்டும், உத்தரவில் அந்தப் பொருளின் பெயரை எழுத வேண்டும். காசு என்று எழுதினால் சாட்சி இரண்டு எதிராக நிற்கிறது. பட்டன் என்று எழுதினால் குற்றமே இல்லை. அந்தக் கோப்பு இன்னும் மேசை மேசையாகப் போய்க்கொண்டிருக்கிறது.

அன்று அந்த நேரத்தில் இதெல்லாம் படக்காரருக்குத் தெரியாது. கை இரண்டையும் முழங்காலுக்கு நடுவில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திறந்த கதவு வழியாகத் தலைவரின் குரல் கேட்டது. "பாத்துச் சொல்லுங்க. அவசரமில்ல. இது என்ன?"

மூக்குக்கண்ணாடி உறை திறக்கும் சத்தம் கேட்டது.

"பட்டன் சார். நான் வந்த வருஷத்துல இருந்து பட்டன்தான்."

நடைபாதை நெடுக எழுத்தர்கள் தலை தூக்கினார்கள். எங்கேயோ கடைசி மேசையில் ஒருவர் மூக்கால் சிரித்தார், அடக்கப் பார்த்தார், முடியவில்லை. அது அடுத்த மேசைக்கு வந்தது. படியிறங்கிக் கீழ்த்தளத்துக்குப் போயிற்று. தலைவர் வாசலுக்கு வந்து நின்று, "என்ன சத்தம் அங்கே?" என்று கத்தினார். சிரிப்பு சட்டென்று நின்றது. நடைபாதையில் இருந்தவர்கள் யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் நெஞ்சைப் பார்த்தார்கள்.

தலைவரும் குனிந்து பார்த்தார். கோபத்தில் அவருடைய விரல்கள் தாமாகவே சட்டைப்பையின் பட்டனைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தன.